கதவுக்காக ஒரு மாரத்தான்

லிப்ட் மெக்கானிக்கிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த அறிவிப்பையும் முதல் வரியோடு நிறுத்திவிடுவார். நடக்க முடியாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் புது லிப்ட்டுக்கு அளவெடுக்கப் போனபோது, சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் 'நம் பிள்ளைகளின் லிப்ட்டுக்காக மாபெரும் மாரத்தான்' என்று இருந்தது. அடுத்த வரியையும் படித்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. "என் பேரையும் எழுதிக்குங்க" என்று அங்கே நின்ற பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து காலையில் ஓட்டம். காப்பியில் சர்க்கரை கட். புது ஷூ வேறு.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றாள் மனைவி.

"நல்ல காரியத்துக்கு ஓடறேன். உன் பொண்ணு மாதிரி நாளெல்லாம் டிவி முன்னாடி உக்காந்து பொம்மை விளையாடச் சொல்றியா?"

மார்க் வாங்கியபோதெல்லாம் அவள் 'என் பொண்ணு'. வீடியோ கேம் விளையாடினால் 'உன் பொண்ணு'. அந்தப் பெண் படிப்பை முடித்து வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள். அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தட்டாமல் கொள்ளாமல் அவள் அறைக் கதவைப் படாரென்று திறப்பார், பேசாமல் போய் பிளக்கைப் பிடுங்குவார், வந்த வழியே போய்விடுவார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை கொஞ்ச நாளாக அம்மா வழியாகத்தான் நடந்தது. அதனால் தானும் அதே மாரத்தானில் கலந்துகொள்வதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

மாரத்தான் அன்றைக்குக் காலை அரை டவுசரும் பனியனுமாகப் பள்ளிக்கூட ஹாலுக்குள் நுழைந்த மெக்கானிக் அப்படியே நின்றுவிட்டார். ஓட வந்தவர் ஒருத்தரையும் காணோம். வரிசையாக மேஜைகள், மேஜைக்கு ஒரு டிவி, இரண்டு நாற்காலி. வாசலில் அதே காகிதம். இப்போது இரண்டாவது வரியையும் படித்தார். 'உட்கார்ந்த இடத்திலேயே! காலை முதல் மாலை வரை வீடியோ கேம்!'

நைசாகத் திரும்பிவிடலாம் என்று பார்த்தால் டாக்டரம்மா பிடித்துக்கொண்டார். "நல்ல வேளை வந்தீங்க. ஒரு பொண்ணோட ஜோடிக்குக் காய்ச்சலாம். ஆள் இல்லாம தனியா உக்காந்திருக்கு."

கடைசி மேஜையில் உட்கார்ந்திருந்தது அவருடைய பெண்தான்.

மேஜைக்கு மேஜை ஓர் அட்டை இருந்தது. ஒன்றில் மோட்டார், ஒன்றில் கயிறு, ஒன்றில் விளக்கு. ஜோடிக்கு மூன்று உயிர். மணி அடிக்கிற வரை ஒரு உயிராவது மிஞ்சினால் அந்தச் சாமானை ஊரில் ஒரு கடைக்காரர் வாங்கித் தருவார். மூன்றும் போய்விட்டால் அந்தச் சாமானும் போச்சு. மகளின் மேஜையில் இருந்தது 'கதவு'.

"நான் ஓடத்தான் வந்தேன்" என்றார் மெக்கானிக்.

"அப்ப ஓடுங்க" என்றாள் மகள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் அட்டையைப் பார்த்தார். எதிரே மாடிப்படியில் ஒரு வாத்தியார் மூச்சு வாங்க ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தார். "கதவில்லாத லிப்ட்டை நான் ஓட விடமாட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு பொம்மைகள் மலை ஏற வேண்டும். ஒன்று ஏறும்போது மற்றது பட்டனை அழுத்திக் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் இரண்டும் காலி. மெக்கானிக் இருக்கிற பட்டனையெல்லாம் ஒரே நேரத்தில் அழுத்தினார். அவர் பொம்மை தானாகவே பள்ளத்தில் குதித்தது. முதல் உயிர் போச்சு. மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த முறை அவள் மேலே ஏறிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கீழே நின்ற மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்: "வரட்டுமா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபித்துக்கொண்டு பாதியிலேயே கிளம்புகிறார் என்று நினைத்து, கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்தாள். "அப்பா, போகாதீங்கப்பா!"

பொம்மைகள் இரண்டும் மலையடிவாரத்தில் விழுந்து கிடந்தன. இரண்டாவது உயிரும் போச்சு.

"ஏய், எதுக்கும்மா கையை விட்டே?"

"நீங்கதானே வரட்டுமான்னு கேட்டீங்க! கிளம்பறீங்கன்னு நினைச்சேன்."

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "லிப்ட் குழிக்குள்ள நான் கீழ இருப்பேன், ஹெல்பர் மேல இருப்பான். நகர்றதுக்கு முன்னாடி 'வரட்டுமா'ன்னு கேப்பேன். அவன் 'வா'ன்னா வரலாம். 'இரு'ன்னா இருக்கணும், அசையக்கூடாது. அதைத்தான் கேட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "உன்னைத் தனியா விட்டுட்டு நான் எங்கம்மா போகப் போறேன்?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ள நேரமில்லை, மூன்றாவது உயிர் ஆரம்பமாகிவிட்டது. அதுதான் கடைசி.

"வரட்டுமா?"

"வாங்க!"

"வரட்டுமா?"

"இருங்க, இருங்க... ம், வாங்க!"

சாப்பாட்டு வேளைக்குள் சக்கர நாற்காலிப் பட்டாளம் முழுக்க அவர்கள் முதுகுக்குப் பின்னால் கூடிவிட்டது. மெக்கானிக் "வரட்டுமா?" என்றால் போதும், ஹாலே "வாங்க!" என்று கத்தியது. மோட்டார் மேஜைக்காரர்கள் கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

மணி அடிக்கப் போகும் நேரம். மகளின் பொம்மை வழுக்குப் பாறையில் தொங்கியது. "இருங்க!" என்றாள். மெக்கானிக்குக் கால் மரத்துப் போயிருந்தது, மூக்கு நுனி அரித்தது. பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. 'ஐயோ, சீக்கிரம் வான்னு சொல்லேன்' என்று உள்ளுக்குள் கெஞ்சினாரே ஒழிய வாயைத் திறக்கவில்லை. அப்படியே மணி அடித்தது. மலை உச்சி இன்னும் எங்கேயோ இருந்தது. ஆனால் கயிறு கையில் இருந்தது, கதவு கிடைத்துவிட்டது.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் எழுந்து கையாட்டப் பார்த்தார். இத்தனை நாள் ஓடிப் பழகிய கால் மக்கர் பண்ணியது. மகள் சிரித்துக்கொண்டே கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மகளின் அறையிலிருந்து அதே கேம் சத்தம் கேட்டது. மெக்கானிக் எழுந்து போனார். பழக்கதோஷம், கை நேராகக் கைப்பிடிக்குப் போனது. அதன் மேல் வைத்தவர், சுட்டது போல எடுத்துக்கொண்டார்.

"வரட்டுமா?" என்றார் கதவைப் பார்த்து.

"இருங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நின்றார். துணிக்கூடையோடு அந்தப் பக்கம் வந்த மனைவி வாயைப் பிளந்தாள். "என்னங்க இது அதிசயம்? வெளியிலயே நிக்கறீங்க?"

"உஷ்" என்றார் மெக்கானிக், அசையாமல். "இருன்னு சொல்லியிருக்கா."

உள்ளே சத்தம் நின்றது. நாற்காலியை இழுத்துப் போடும் ஓசை கேட்டது. ஒன்றல்ல, இரண்டு.

"இப்ப வாங்கப்பா."