யார் பக்கத்து இளைப்பு?

பேக்கரி மாஸ்டர் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிக் கட்டிலோரம் இரண்டு உதறு உதறுவார். கோதுமை மாவு சன்னல் வெயிலில் புகைபோல் எழும். அதே கையோடு நான்கு வயது மகளைத் தூக்கிக் கொஞ்சுவார். குழந்தையின் மெத்தைக்கு உறையும் மாவுச் சாக்குதான். கெட்டித் துணி, தூக்கிப் போட மனசு வரவில்லை.

ஆறு மாதமாகக் குழந்தைக்கு இளைப்பு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளை எண்ணிவிடலாம். மாஸ்டரின் சந்தேகம் நேராக மனைவி மேல் போனது. அவள் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. பெண் பேசும்போது அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார்கள் என்று தன் அக்காவிடம் புலம்பினார். இரண்டு தெரு தள்ளியிருந்த அக்காவும் தினமும் வந்து நெருப்பை ஊதிவிட்டுப் போனாள்.

மனைவி குழந்தையோடு அம்மா வீட்டில் பத்து நாள் தங்கினாள். அங்கே குழந்தை இளைப்பே இல்லாமல் ஓடி விளையாடியது. திரும்பிய மூன்றாம் நாள் மறுபடி இழுத்தது. மாஸ்டர் கண்ணைச் சுருக்கினார். அங்கே சரியாகிறதென்றால் அவர்களிடம் ஏதோ மருந்து இருக்கிறது, மருந்து இருக்கிறதென்றால் நோயும் அவர்களுடையதுதான். மனைவி குளிக்கப் போன நேரம் அவள் பையைக் கவிழ்த்தார். தம்பியின் பழைய மருந்துச் சீட்டு விழுந்தது.

டாக்டரிடம் காட்டத்தான் கேட்டு வாங்கி வந்தேன் என்றாள். அவர் நம்பவில்லை.

"டாக்டர் வாயாலயே கேட்டுடலாம். உங்க வீட்டு நோய்னு சொல்லிட்டா, நீயும் உன் பொண்ணும் அங்கயே இருந்துக்குங்க."

அந்த 'உன் பொண்ணு' அவளை அறுத்தது.

மறுநாள் மாஸ்டர் வேலையிலிருந்து நேராக, மனைவி குழந்தையோடு காத்திருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். அக்காவும் சாட்சி சொல்ல வந்தவள்போல் கூடவே உட்கார்ந்தாள். டாக்டரம்மா சீட்டைப் படித்து ஓரமாக வைத்தார். என்ன வேலை, குழந்தை எதில் படுக்கிறது என்று விசாரித்தார். மாஸ்டரின் காது மடலில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தார். பிறகு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, குழந்தையின் கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து லேசாகக் குத்தினார். கால் மணி நேரத்தில், கோதுமை மாவுக்காகக் குத்திய இடம் கொசு கடித்ததுபோல் தடித்தது.

ரொட்டி தின்றால் ஒன்றும் ஆகவில்லையே என்று மாஸ்டர் மடக்கினார். தின்பது வேறு, மூச்சில் இழுப்பது வேறு என்றார் டாக்டரம்மா. உங்கள் பக்கம் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று கேட்டார். மாஸ்டர் வாய் திறக்கும் முன் அக்கா முந்திக்கொண்டாள்.

"எங்க பக்கம் சுத்தம் டாக்டர். இவனுக்குத்தான் சின்னதுல முழங்கை மடிப்பெல்லாம் அரிச்சு ரத்தம் வரும். அது வெறும் சொறி."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. அந்தச் சொறியும் இதே இனமாக இருக்கலாம் என்றார். இந்த உடல்வாகு அம்மா வழியிலும் வரும், அப்பா வழியிலும் வரும். வந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. மாவில் புழங்குகிற எல்லார் பிள்ளைக்கும் இளைப்பதில்லை. இந்தக் குழந்தைக்கு உடல்வாகும் மாவும் ஒரே வீட்டில் சேர்ந்துகொண்டன.

அக்கா சுவரைப் பார்த்தாள். மாஸ்டர் பழக்கத்தில் மகளைத் தூக்கக் கை நீட்டினார். மனைவி குறுக்கே வந்தாள்.

"குளிச்சுட்டு, வேற சட்டை போட்டுட்டுத் தூக்குங்க."

அவர் கை அப்படியே நின்றது. அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"மாவு இருந்தா மட்டும் ரொட்டி ஆகிடுமா, அடுப்பு வேணாமா? தொழில்காரர் உங்களுக்கு இதை நான் சொல்லணுமா? ரத்தத்துல வந்ததை உங்களாலயும் மாத்த முடியாது, என்னாலயும் முடியாது. வீட்டுக்குள்ள வர்றதை மாத்தலாம். யார் குடுத்த நோய்னு தேடினதுலயே ஆறு மாசம் போச்சு. அந்த ஆறு மாசமும் மூச்சுக்குத் தவிச்சது நீங்களும் இல்ல, நானும் இல்ல."