இன்னொருவாட்டி

செண்பகத்தின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பூவராகவன் மூன்றாவது தடவையாக அவிழ்த்தான். முடிச்சு நடுவில் விழவில்லை. இடது விரல் பக்கம் ஓர் அரிசி அளவு தள்ளியிருந்தது. சுற்றியிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உடு மாப்ள," என்றான் செண்பகத்தின் அண்ணன் ராஜவேலு. "நல்லாத்தான் கீது."

"கோணலா கீது மச்சான்."

"இருந்துட்டுப் போவுது. அவ இன்னா நடக்கவா போறா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று ராஜவேலுவுக்கு உறைத்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றான்.

"பொண்டாட்டி மேல அவ்ளோ ஆசை, பாவம்," என்றாள் பக்கத்து வீட்டு முத்தம்மாள். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இது ஆசை செய்கிற வேலையல்ல. இரண்டு வருஷம் பாடுபட்டு விரட்டிய பழைய பேய், நேற்றுக் காலை ஒரே நிமிஷத்தில் வீடு திரும்பியிருந்தது.

கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த வால்வு கம்பெனியில் பூவராகவன் சரக்கை அளந்து பார்த்து அனுப்புகிறவன். சரி என்று தானே ஒதுக்கிய பெட்டியைத் தானே கொட்டி மறுபடி அளப்பான். லாரி வாசலில் நிற்கும். மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வார். "இன்னொருவாட்டி பாத்துடறேன் சார்," என்பான். கடைசியில் அவனுக்கு 'இன்னொருவாட்டி' என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டில் பூட்டு. இழுத்துப் பார்ப்பான், தெருமுனை வரை போவான், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான். ஷிப்டுக்குப் பிந்தி இரண்டு மெமோ வாங்கினான். தன் கையால் ஒரு சின்னத் தப்பு நடந்தாலும் உலகம் இடிந்து விழுந்துவிடும் என்று நம்புகிற மனிதனோடு பதினொரு வருஷம் குடித்தனம் நடத்தினாள் செண்பகம். லேசுப்பட்ட காரியமில்லை.

மெட்ராஸில் மனசுக்கு வைத்தியம் பார்க்கும் சாராள் டாக்டரை அவள்தான் விசாரித்துக் கண்டுபிடித்தாள். ஊருக்குத் தெரிந்தால் பைத்தியம் என்று பட்டம் கட்டிவிடும். அதனால் பெரியபாளையத்துக்கு வேண்டுதல் என்று சொல்லிவைத்தாள். வரும் வழியில் மார்க்கெட்டில் குங்குமமும் வேப்பிலையும் வாங்கிக்கொண்டு வந்து, அம்மன் பிரசாதம் என்று முத்தம்மாள் நெற்றியில் பக்தியோடு வைத்துவிடுவாள்.

டாக்டரம்மா மாத்திரை அதிகம் தரவில்லை, வேலை தந்தார். "ஒரே தடவை பூட்டுங்க. நடந்துடுங்க. மனசு பதறும். பதறட்டும். எவ்வளவு நேரம்தான் பதறுதுன்னு நீங்களே பாருங்க." தினமும் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்யச் சொன்னார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போன அன்று பூவராகவனுக்கு வேர்த்துக் கொட்டியது. சாயங்காலம் வரை ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

செண்பகத்துக்கும் ஒரு வேலை இருந்தது. "பூட்டினேனான்னு கேட்டா நீங்க பதிலே சொல்லக் கூடாதும்மா. நீங்க சொல்லிட்டிருக்கிற வரைக்கும் அவர் கேட்டுட்டேதான் இருப்பார்."

அவள் சொல்லவில்லை. அவன் கெஞ்சினான், கத்தினான், ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். அரை மணி நேரப் பதற்றம் கால் மணியானது. பிறகு தெருமுனை தாண்டுவதற்குள் அடங்கியது. கம்பெனியில் பட்டப்பெயரும் மறந்துபோனது.

மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவளுக்கு நேற்று விடியும்போது மூச்சு வாங்கியது. உடனே மெட்ராஸுக்குக் கொண்டுபோகச் சொன்னார் உள்ளூர் டாக்டர். அவளை ரிக்ஷாவில் ஏற்றி, கதவைப் பூட்டி, தெருமுனைக்கு வந்ததும் பூவராகவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இறங்கி ஓடினான். பூட்டித்தான் இருந்தது. ஏறினான். ரிக்ஷா நகர்ந்ததும் மறுபடி இறங்கி ஓடினான். ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது ஏழு மணி பாசஞ்சரின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அடுத்த வண்டி ஒன்பதரைக்கு.

அவளை பெஞ்சில் சாய்த்து உட்காரவைத்தான். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் வாய் கேட்டுவிட்டது.

"செம்பகம், பூட்டுனனா?"

அந்தக் கேள்விக்கு இரண்டு வருஷமாக வாய் திறக்காதவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"பூட்டிட்ட மாமா. நான் பாத்தேன். வந்து பக்கத்துல உக்காரு."

உட்கார்ந்தான். ஒன்பதரை வண்டி வந்தபோது அவள் இல்லை.

முந்திய வண்டியில் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. ரிக்ஷா லேட்டு என்று ராஜவேலுவிடம் சொல்லிவைத்தான். இனி அவள் காரியத்தில் ஒரு குறையும் வரக் கூடாது. அவளுக்குச் செய்ய அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

ஏரிக்கரைச் சுடுகாட்டில் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சிதையைச் சுற்றினான். சுடுகாட்டு வேலை பார்க்கும் துலுக்காணம், சுற்றுக்கு ஒன்றாக அரிவாள் நுனியால் குடத்தில் ஓட்டை போட்டார்.

"மூணு சுத்து ஆச்சா மச்சான்?"

"ஆச்சு."

"ரெண்டுதானே ஆவுது?"

"மூணு ஓட்டை கீதே நைனா, எண்ணிப் பாரு," என்றார் துலுக்காணம்.

எண்ணினான். மறுபடி எண்ணினான். தண்ணீர் முதுகில் வழிந்தது. கேட்டதற்கெல்லாம் இன்றைக்கு எல்லோரும் பதில் சொன்னார்கள். ஒரு பதிலும் அவன் நெஞ்சில் தங்கவில்லை.

குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்தான். துலுக்காணம் கொள்ளியை அவன் கையில் கொடுத்து, தோளைப் பிடித்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். "பாக்காமயே வெய்யி. வெச்சிட்டு அப்படியே போய்க்கினே இரு. திரும்பிப் பாக்கக் கூடாது."

வைத்தான். நடந்தான். ராஜவேலு பக்கத்தில் வந்தான். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

பத்தடி தாண்டுவதற்குள் பதற்றம் வந்துவிட்டது. தீ பிடித்ததா? விறகு ஈரமோ? கொள்ளி சரியான இடத்தில் பட்டதா? ஒருவாட்டி, ஒரே ஒருவாட்டி. கால் தானாகத் திரும்பப் பார்த்தது. பதறட்டும் என்று நடந்தான். கழுத்து விறைத்துப்போனது. நடந்தான். கரைமேட்டில் ஏறும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகத் தணிய ஆரம்பித்தது. பிடித்திருக்கும். பிடிக்காவிட்டால் துலுக்காணம் இன்னொரு கொள்ளி வைப்பார். உலகம் ஒன்றும் இடிந்து விழாது. இதற்கு மேல் இடிவதற்கு என்ன இருக்கிறது?

மேட்டின் மேலே வந்ததும் நின்றான்.

"மச்சான், நேத்து ரிக்ஷா லேட்டு இல்ல. நான்தான் ரெண்டுவாட்டி எறங்கிப் போய் பூட்டப் பாத்தேன். அதுக்குள்ள வண்டி போயிடுச்சி."

ராஜவேலுவும் நின்று அவனை நேராகப் பார்த்தான். அவன் தாடை அசைந்தது. அடிக்கப்போகிறான் என்று பூவராகவன் நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் நினைத்தான்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இன்னா சொன்னா?"

"பக்கத்துல வந்து உக்காருன்னா."

ராஜவேலு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையை ஆட்டினான். "நட மாப்ள," என்றான்.

பூவராகவன் நடக்கவில்லை. சுடுகாட்டுப் பக்கம் முழுசாகத் திரும்பினான்.

"டேய், திரும்பக் கூடாதுடா!" ராஜவேலு அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"தெரியும் மச்சான்."

தீ நன்றாகவே பிடித்திருந்தது. அது அவன் கண்ணில் பட்டது, ஆனால் அவன் அதைப் பார்க்கவில்லை. அவள் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இழுத்துக்கொண்டிருந்த கை தளர்ந்தது. ராஜவேலு திரும்பவில்லை, ஊர்ப் பக்கமே பார்த்தபடி நின்றான். பிடித்த மணிக்கட்டை மட்டும் விடவில்லை.