அம்மாவே வாசிக்கட்டும்

எட்டு வயது எறும்பு கீபோர்டு படிக்க வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எறும்பு என்பது அவள் அம்மா வைத்த செல்லப் பெயர். பொடி உருவம், ஆனால் எடுத்த வேலையை விடமாட்டாள். பள்ளிக்கூடப் பையை இறக்கி வைத்ததும் தினமும் அரை மணி நேரம் வாசிப்பாள். நோட்டில் தேதி போட்டு அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வாள். அவ்வளவு செய்தும் பாட்டு மட்டும் வரவில்லை. விரல்கள் சரியான கட்டையில், சரியான நேரத்தில் விழும். விழும், அவ்வளவுதான்.

டீச்சருக்கு அது முதல் மாதமே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகள் அவளிடம் படித்தார்கள். எவரிடமும் அவள் 'உனக்கு வராது' என்று சொன்னதில்லை. இரண்டாம் மாடியில் இருந்த அவள் வீட்டின் முன்னறைதான் வகுப்பு. இளவயதில் மேடையில் வாசிக்க ஆசைப்பட்டு இரண்டு முறை தேர்வுக் குழுவின் முன் போய் உட்கார்ந்தவள் அவள். இரண்டு முறையும் பாட்டின் நடுவிலேயே "போதும்மா" என்றார்கள். அதன் பிறகு பதினைந்து வருஷமாக அதே பத்துப் பாடங்களைக் கேட்டுக் கேட்டு அவள் காது மரத்துப்போயிருந்தது. நிஜமாகவே பாட்டு வருகிற கை உள்ள ஒரு பிள்ளை படியேறி வராதா என்று ஏங்கிக்கொண்டே, வருகிற எல்லோரையும் "சூப்பர்டா கண்ணா" என்று தட்டிக்கொடுத்து அனுப்புவாள்.

எறும்பின் அம்மா சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு நேராக வருவாள். தலைமுடியில் நூல் துணுக்கு ஒட்டியிருக்கும். மற்ற அம்மாக்கள் போனில் மூழ்கிவிடுவார்கள். இவள் மட்டும் ஒரு மணி நேரமும் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு சனிக்கிழமை எறும்பு விரலெல்லாம் மை அப்பிக்கொண்டு வந்தாள். "போய் நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு வா" என்று டீச்சர் உள்ளே அனுப்பினாள். அம்மா கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நீங்க ஒருநாளாவது தொட்டுப் பாத்திருக்கீங்களா?" என்று டீச்சர் பேச்சுக்குக் கேட்டாள்.

"ஐயோ, எனக்கெதுக்கு டீச்சர். வீட்ல அவதான் வாசிப்பா. நான் சமைச்சுக்கிட்டே கேப்பேன்."

"சும்மா உக்காருங்க. யாரு பாக்கப் போறா?"

அவள் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள். ஆறு மாதமாக எறும்பு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பரீட்சைப் பாட்டை ஒற்றைக் கையால் தேடித் தேடி எடுத்தாள். முதல் வரி தடுமாறியது. இரண்டாவது வரி தடுமாறவில்லை. அந்த வரி முடியும் இடத்தில் ஒரு மூச்சு நேரம் நின்று, பிறகு மெல்ல இறங்கினாள். அந்த நிற்றல் புத்தகத்தில் இல்லை. டீச்சர் எத்தனையோ பிள்ளைகளிடம் அதைக் கெஞ்சிக் கேட்டிருக்கிறாள், ஒருவருக்கும் வந்ததில்லை. மூன்றாவது வரியில் இடது கை தானாகவே எழுந்து வந்து சேர்ந்துகொண்டது.

டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. "இத யாரு உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?"

"நீங்கதானே அவகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தீங்க. கேட்டுக்கிட்டிருந்தேன்."

எறும்பு ஈரக் கையோடு உள்வாசலில் வந்து நின்றிருந்தாள். டீச்சர் அவளைப் பார்த்தாள். ஆனால் சந்தோஷத்தில் டீச்சர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

"இங்க வா, உங்கம்மா கையப் பாரு! ஆறு மாசமா நான் உன்கிட்ட கேக்குறது இதத்தான். அஞ்சே நிமிஷத்துல வந்துடுச்சு பாரு!"

அம்மா சூடு பட்டதுபோலக் கையை எடுத்தாள். "அப்படியெல்லாம் இல்ல டீச்சர். இவ வாசிக்கிறதுதான் அழகு" என்று குழறினாள்.

எறும்பு டீச்சரைப் பார்க்கவேயில்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உட்கார்ந்து, ஒரு பிழையும் இல்லாமல் பாட்டை வாசித்து முடித்தாள்.

அடுத்த சனிக்கிழமை வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையைக் கட்டைமேல் வைக்கவில்லை.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள் டீச்சர்.

"அம்மாவே வாசிக்கட்டும்."

குரலில் கோபம் இல்லை. தன்னுடையதல்லாத பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கிற குரல்.

"என்னம்மா இது?" அம்மா பதறி எழுந்து வந்தாள். "ஒரே ஒரு தடவ வாசிச்சிடு."

"உனக்குத்தான் வருதே. நீயே வாசி."

எவ்வளவு கெஞ்சியும் பலிக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமைகள் அவர்கள் வரவில்லை. மூன்றாவது வாரம் டீச்சரே அவர்கள் வீட்டைத் தேடிப் போனாள்.

சைக்கிள் ரிப்பேர்க் கடைக்கு மேலே இரண்டு அறை. அலமாரியின் உச்சியில் கீபோர்டைப் போர்வையில் சுற்றி ஏற்றி வைத்திருந்தார்கள். எறும்பு கீழே விளையாடப் போயிருந்தாள். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள்.

"சின்னப் புள்ளதானே, ரெண்டு வாரத்துல மறந்துடுவா" என்று டீச்சர் ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் சுற்றி வளைத்துவிட்டு, வந்த விஷயத்துக்கு வந்தாள். "நீங்க தனியா வாங்களேன். வேலை முடிஞ்சு அரை மணி நேரம். ஃபீஸே வேண்டாம். அவளுக்குத் தெரியவே வேண்டாம்."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப நீங்க அவளுக்காக வரல."

டீச்சர் அலமாரி உச்சியில் இருந்த போர்வைச் சுருளைப் பார்த்தாள்.

"போன வாரம் காய் நறுக்கிக்கிட்டிருந்தேன். கத்திய வச்சுட்டு, என்னையறியாம விரலு சமையல் மேடையில தட்டியிருக்கு. சத்தம்கூட இல்ல. பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கா. 'நிறுத்தும்மா'ன்னா. அழல, கத்தல. நிறுத்திட்டேன்." அம்மா விரல்களை மடக்கிக்கொண்டாள். "ரெண்டு வருஷம் நான் சொல்லி அவ உக்காந்ததில்ல. தானா உக்காந்தா. அவளுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அத நான் பிடுங்கிக்கிட்டேன்னு நினைக்கிறா."

"நீங்க பிடுங்கல. நான்தான் யோசிக்காம..."

"ஆமா, நீங்கதான்."

டீச்சர் இதை எதிர்பார்க்கவில்லை. எதையாவது காப்பாற்றிவிடப் பார்ப்பவள்போல, "உங்களுக்கு ஆசையே இல்லையா?" என்று கேட்டாள்.

"என் வாழ்க்கையில அந்த அஞ்சு நிமிஷம் மாதிரி எதுவும் நடந்ததில்ல" என்றாள் அம்மா. "அதனாலதான் சொல்றேன். என்னைய நீங்க உக்காரச் சொல்லியிருக்கவே கூடாது."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. எறும்பு வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தாள். "வாங்க டீச்சர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா எழுந்து அந்தக் கதவுக்கு வெளியே போய் நின்றாள். டீச்சர் தானாகவே படியிறங்கினாள்.

அடுத்த மாதமே அந்தச் சனிக்கிழமை நேரத்துக்கு வேறொரு பிள்ளை வந்து சேர்ந்துவிட்டான். பாட்டு வருகிற கை அவனுக்கும் இல்லை. அவன் வாசிக்கும்போது சில நாள் டீச்சருக்கு அந்த மதியம் நினைவுக்கு வரும். முதலில் வருவது அந்த இரண்டாவது வரியும், அது நின்று இறங்கியபோது தனக்கு உண்டான சந்தோஷமும்தான். வாசலில் ஈரக் கையோடு நின்ற பிள்ளையின் முகம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அது தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் வருகிறது.