துண்டுக்கடியில் பேசிய விலை

என் வண்டியின் வலது காளை செத்த வாரமே கிட்டங்கித் தவுக்கே, அதுதான் சீன முதலாளி, கறாராகச் சொல்லிவிட்டான். அடுத்த கப்பல் அரிசி இறங்கும்போது வண்டி ஓடாவிட்டால் சரக்கு லாரிக்காரனுக்கு. ஒற்றைக் காளையை வைத்துக்கொண்டு பினாங்கில் என்ன செய்வது? சயாம் எல்லைப் பக்கத்து மேய்ச்சல் காட்டில் நல்ல மாடு கிடைக்கும் என்றார்கள். சொன்னவர்கள் யாரையும் நான் நம்பவில்லை. ஆனாலும் போனேன்.

பணம் என் இடுப்பில் இருந்தால் ரயிலில் எவனாவது அறுத்துவிடுவான். ஆகவே என் பெண்டாட்டி சவுந்தரத்தின் மடியில் முடிந்து, அவளையும் கூட்டிப் போனேன்.

“என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா, பணத்தக் கூட்டிட்டுப் போறீங்களா?” என்று பிறை ஸ்டேஷனிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“ரெண்டையும்தான். வாய மூடிக்கிட்டு ஏறு.”

அலோர் ஸ்டாரில் இறங்கி, ஒரு நெல்வண்டியில் தொற்றிக்கொண்டு, அது நின்ற இடத்திலிருந்து நடந்தோம். வீடு கிடையாது, கடை கிடையாது. இடுப்புயர லாலான் புல், செம்மண் தடம், எங்கேயோ மாட்டுக் கழுத்து மரமணியின் கொடக் கொடக். வழி கேட்ட எல்லோரும் ஒரே திசையைக் காட்டினார்கள். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

“பேசி வச்சிருக்கானுங்க” என்றேன்.

“ஆமா, நீங்க வர்றீங்கன்னு சயாம் ராஜாவே ஆள் நிறுத்தியிருக்காரு.”

தடம் போய் முடிந்த மாட்டுப்பட்டி சபூரா என்பவளுடையது. பினாங்கிலிருந்து போன தமிழ் முஸ்லிம் வியாபாரிக்கும் அந்த ஊர் மலாய்க்காரிக்கும் பிறந்தவள். நல்ல தமிழ் பேசினாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நம் பாஷை பேசுகிறவர்கள்தான் சுலபமாக ஏமாற்றுவார்கள்.

காளை ஒன்று இருந்தது. என் காளைக்கு நூல் பிடித்த உயரம். பல்லைப் பார்த்தேன், குளம்பைத் தட்டினேன், மயிரை விலக்கிச் சுழி பார்த்தேன்.

“பொண்ணு பாக்க வந்தீங்களா அண்ணே? பாடச் சொல்லவா?” என்றாள் சபூரா. “சீக்கிரம் சொல்லுங்க லா. நாளைக்குக் கறிக்காரங்க வந்து மொத்தமா ஓட்டிட்டுப் போயிடுவாங்க.”

குறையே இல்லை. குறை இல்லாததால் இன்னொரு தடவை சுற்றி வந்தேன். பிறகு வழக்கப்படி தோள்துண்டை உதறிக் கைமேல் போட்டு நீட்டினேன். மாட்டு விலையை நாங்கள் வாயால் சொல்வதில்லை. துண்டுக்கடியில் எதிராளியின் விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். எதிரில் நிற்பது பெண் என்பது கையை நீட்டிய பிறகுதான் உறைத்தது.

சபூரா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “எங்க வாப்பாவும் துண்டுதான் அண்ணே. ஆனா என் கையப் பிடிச்சவரு ஒருத்தருதான். அந்தா, அரிவாளோட புல்லறுக்குறாரு.”

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

“வாயால சொல்லவா?”

வேலியோரம் மேய்ப்பர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். “வேணாம். கேக்குறானுங்க.”

“அவங்களுக்குத் தமிழ் தெரியாதுண்ணே.”

சவுந்தரம் துண்டை உருவினாள். “தள்ளுங்க.”

“உனக்கு விரல் கணக்கு தெரியுமாடி?”

“கல்யாணம் கட்டுன நாள்லேர்ந்து தூக்கத்துல என் விரலப் பிடிச்சுத்தானே பேரம் பேசுறீங்க?”

மேய்ப்பர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தமிழ் தெரியாதவர்களாம்!

துண்டு இரண்டு கைகளையும் மூடியது, நெளிந்தது. சவுந்தரம் உதட்டைப் பிதுக்கினாள். சபூரா வானத்தைப் பார்த்தாள். மறுபடி நெளிந்தது. நடுவில் இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். விரலில் சிரிக்க என்ன இருக்கிறது? அதிகம் கொடுத்துவிடுவாளோ, கொடுக்காமல் காளையை விட்டுவிடுவாளோ என்று எனக்கு வியர்த்தது. ‘விட்டுடாதடி’ என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். கேட்டால் விலை ஏறும்.

துண்டு விலகியது. சவுந்தரம் எனக்கு முதுகைக் காட்டி நின்று மடியை அவிழ்த்துப் பணம் கொடுத்தாள். சபூரா காளையின் கழுத்திலிருந்து தன் கயிற்றைக் கழற்றிக்கொண்டு, நாங்கள் கொண்டுபோன கயிற்றை மாட்டினாள்.

தடத்தில் இறங்கியதும் கேட்டேன். “எவ்வளவு?”

“துண்டுக்கடியில பேசினத வெளியில சொல்லலாமா? உங்க தொழில் வழக்கம்தானே?”

“நான் உன் புருசன்டி.”

“அதனாலதான் சொல்லல.”

அலோர் ஸ்டார் பசாரில் பொரித்த வாழைப்பழம் வாங்கினாள். அப்படியானால் மிச்சம் இருக்கிறது. எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, காளைக்கு இரண்டு. அப்படியானால் நிறையவே இருக்கிறது. மடி முடிச்சு எவ்வளவு பருமன் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“முன்னாடி பாத்து நடங்க” என்றாள். “காளை உங்கள நம்பி வருது.”