தூங்குகிறவரைப் பார்க்க ஒரு பேருந்து

"தூங்கினதுக்காகக் கைதட்டல் வாங்கின ஒரே மனுஷன் இந்தப் பூமியில நான்தான்" என்றார் ஒட்வார். "அதுவும் என் ஜன்னலுக்கு வெளிய எல்லாரும் எழுந்து நின்னு தட்டினாங்க. பனியில உக்கார முடியாதுங்கறது வேற விஷயம்."

வடகோடி ஊரான ட்ரோம்சோவின் துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற பேக்கரியின் மூலை மேசை சிரிப்பில் அதிர்ந்தது. தினமும் காலையில் காப்பிக்குக் கூடும் கிழவர்கள் அந்த மேசைக்கு எழுதாத சட்டம் ஒன்று வைத்திருந்தார்கள். யார் என்ன சொன்னாலும் "நிஜமாவா?" என்று கேட்கக் கூடாது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் ஒட்வாருக்கு அங்கே பிழைப்பே கிடையாது. படகுத்துறையில் எஞ்சின் பழுதுபார்த்தே ஆயுளைக் கழித்தவர். அவர் பிடித்த ஹாலிபட் மீனைத் தூக்கியபோது கடல்மட்டம் இறங்கி, பக்கத்து வளைகுடாவில் கட்டியிருந்த படகுகள் எல்லாம் தரைதட்டி நின்றனவாம். ஒருநாள் குளிரில் அவர் கெட்டிலிலிருந்து ஊற்றிய காப்பி கோப்பைக்குப் போய்ச் சேராமல் நடுவழியிலேயே வில்லாக உறைந்து நின்றதாம். பழைய இழுவைப் படகோட்டி எட்கார் அதைக் கேட்டுவிட்டு, "சர்க்கரை போட்டியா, போடலையா?" என்று மட்டும் கேட்டார். மேசையின் மரியாதை அப்படி.

"எந்த நாட்டுக்காரங்க தட்டினாங்க?" என்றார் எட்கார்.

"உலகப் படத்துல இருக்கற எல்லா நாடும். ஒருத்தன் அழுதே போட்டான்யா."

"உன் மூஞ்சி கண்ணாடிக்குப் பின்னாடி இருந்தா நானும்தான் அழுவேன்."

மேசை மறுபடி சிரித்தது. சிரிக்காதவள் ஒருத்திதான். ஒட்வாரின் மகள் ரான்வைக். அலுவலகம் போகிற வழியில் காப்பி வாங்க வந்தவள், மூடி போட்ட கோப்பையோடு அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"அப்படி ஒண்ணும் நடக்கலப்பா" என்றாள். "ஏதோ கனவு கண்டிருக்க. இதைப் போய் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாத."

மேசையின் சட்டத்தை ஒருவர் மீறுவது அதுதான் முதல் தடவை. ஒட்வார் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். அவர் பொய்களிலேயே வளர்ந்த குழந்தை அவள். ஹாலிபட் கதையை எத்தனை தடவை சொன்னாலும் கண்ணை விரித்து "அப்புறம்?" என்று கேட்டவள்.

இப்போது அவளுக்குத் துறைமுகத்தின் பின்புறத்தில் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் வேலை. குளிர்காலம் முழுவதும் விமானம் விமானமாக வந்து இறங்குகிறவர்களைச் சும்மா இருக்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலை. காலையில் நாய்வண்டி, மத்தியானம் திமிங்கிலப் படகு, அப்புறம் கலைமான் சவாரி, மலைக்கு மேலே தொங்குவண்டி, வெந்நீராவிக் குளியல் எடுத்துவிட்டு அலறிக்கொண்டே கடலில் ஒரு முங்கல். எல்லாவற்றுக்கும் மேலே வானத்து ஒளி. அந்தப் பச்சை ஒளியைப் பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள். வானம் என்ன ரான்வைக்கிடம் சம்பளம் வாங்குகிறதா? நினைத்தால் வாரக்கணக்கில் மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். அப்போதெல்லாம் அவள் தொலைபேசி அடுப்பில் வைத்த மாதிரி சுடும்.

கைதட்டல் கிடைத்த கதை இதுதான்.

ஒட்வார் சாயங்காலம் நாலு மணிக்குச் சாப்பிடுவார். அன்று காட் மீன், அதன் ஈரல், சினை, உருளைக்கிழங்கு. ஊர் வழக்கப்படி சாப்பிட்ட கையோடு சோபாவில் ஒரு தூக்கம். சோபா ஜன்னலோரம். ஜன்னலில் விளக்கு. சூரியன் தலைகாட்டாத அந்த இரண்டு மாதமும் அவர்கள் தெருவில் யாரும் திரையை இழுப்பது கிடையாது. வெளியே போகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும், உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே போகிறவர்கள் வேண்டும். ஜன்னலில் திரை மூடியிருந்தால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். மனைவி இறந்தபோது ஒட்வார் மூடினார். அடக்கம் முடிந்த அன்றே திறந்துவிட்டார்.

ஆனால் வெளியே போகிறவர்கள்தான் இல்லாமல் போனார்கள். பக்கத்து வீட்டு இரட்டைச் சகோதரிகள் விற்றுவிட்டுத் தெற்கே போனார்கள். எதிர்வீட்டுத் தபால்காரர் இறந்தார். மூலை வீட்டை அதன் வாரிசுகள் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விட்டார்கள். இப்போது ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் ஒரு சாவிப்பெட்டி தொங்குகிறது. யார் யாரோ வந்து எண்களை அழுத்தித் திறக்கிறார்கள், அழைப்புமணி என்று நினைத்து ஒட்வார் வாசலில் குளிர் பார்க்க மாட்டியிருக்கும் தெர்மாமீட்டரை அழுத்துகிறார்கள், பெட்டிச் சக்கரம் கடகடக்கப் போய்விடுகிறார்கள். அடுத்த வாரமும் இங்கேதான் இருப்பார் என்று சொல்லக்கூடிய ஒரே ஆசாமி அந்தத் தெருவில் ஒட்வார்தான்.

அன்று தூக்கம் கலைந்து கண்ணைத் திறந்தால் கண்ணாடி முழுக்க முகங்கள். நெற்றியில் கட்டிய சிவப்பு விளக்குகள். தூக்கிப் பிடித்த போன்கள். அவர் கொட்டாவி விட்டதும் கையுறை போட்ட கைகள் தட்டின, தலையணையைத் தட்டுகிற மாதிரி. எழுந்து உட்காருவதற்குள் பேருந்து ஒன்று பனியில் உறுமிக்கொண்டு போய்விட்டது.

பேக்கரியில் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் கேட்கவில்லை. காலில் கட்டு மாற்ற வாரம் ஒருமுறை வரும் நகராட்சி நர்ஸ் வென்கேயிடமும் சொன்னார். வென்கேக்கு மேசையின் சட்டம் தெரியாது. அவள் சிரிக்கவில்லை. கட்டைப் போட்டு முடித்துவிட்டு வெளியே போய் ரான்வைக்கைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அப்பா ஜன்னல்ல கூட்டம் நிக்குதுன்னு சொல்றாரு. நிஜமா?"

"இல்ல" என்றாள் ரான்வைக்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மறுவாரம் ஞாபகசக்திச் சோதனை வைக்கிறேன், மகளும் கூட இருக்கட்டும் என்றாள் வென்கே. குரலில் தேன் வடிந்தது. அதன் அர்த்தம் ஒட்வாருக்குத் தெரியும். இல்லாத கூட்டத்தைப் பார்க்கிற கிழவனை விறகடுப்போடு தனியாக விடமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு மேலே முதியோர் இல்லத்தில் ஓர் அறை, மசித்த கிழங்கு, திறக்காத ஜன்னல். இந்த வீட்டுக் கதவிலும் ஒரு சாவிப்பெட்டி.

அதைவிட மோசமானது இன்னொன்று. பொய் சொல்கிறவனுக்கு உண்மை எந்த இடத்தில் முடிகிறது என்று துல்லியமாகத் தெரியும். தெரிந்தால்தானே அங்கிருந்து தாவ முடியும்? முதல் தடவையாக ஒட்வாருக்கு அந்த இடம் தட்டுப்படவில்லை. ரான்வைக் இல்லை என்கிறாள். அவள் ஏன் பொய் சொல்லப் போகிறாள்? வீட்டில் பொய் சொல்கிற உத்தியோகம் அவருடையது. ஒருவேளை கனவுதானோ? ஈரல் அதிகம் தின்றதாலோ?

சரி, பார்த்துவிடலாம் என்று காவல் இருந்தார். சாப்பிட்டதும் சோபாவில் படுத்து, ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணைத் திறந்து வைத்துக் குறட்டை விட்டார். வானம் தெளிவாக இருந்த நாட்களில் பூனைகூட வரவில்லை. அப்புறம் மேகம் கவிழ்ந்தது. தொங்குவண்டி மலை பாதிக்கு மேல் காணாமல் போனது. அன்று ஒட்வார் கொஞ்சம் அலங்காரம் செய்துகொண்டார். கிறிஸ்துமஸ் குல்லா, நீள உள்ளாடை, மார்பில் கைக்குழந்தையைப் போல ஒரு முழு உலர்மீன். நிஜமாக இருந்தால் ரசிக்கட்டும், கனவாக இருந்தால் குறைந்தபட்சம் நல்ல கனவாக இருக்கட்டும்.

பேருந்து வந்தது.

திறந்திருந்த கண்ணால் எல்லாவற்றையும் பார்த்தார். முகங்கள், சிவப்பு விளக்குகள், போன்கள். ஒட்வார் எதிர்க்கரையில் நாய்கள் குரைக்கும் அளவுக்குக் குறட்டை விட்டு, புரண்டு படுத்து, மீனின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அந்த நொடியில் துள்ளி எழுந்து, மீனும் கையுமாக வாசல் கதவைத் திறந்தார்.

கூட்டத்தின் முன்னால் நின்ற வழிகாட்டிப் பெண் பின்னால் நகர்ந்தாள். எங்கோ தெற்கு நாட்டிலிருந்து வந்து இந்த ஊர் மொழியைப் புத்தகத்தில் கற்றுக்கொண்டவள்.

"தாங்கள் எழுந்திருக்கக் கூடாதே!" என்றாள்.

"என் வீட்டுல நான் எப்ப எழுந்துக்கணும்னு சொல்ல நீ யாரும்மா?"

"மன்னிக்கவும். தொலைக்காட்சியில் செய்தி தொடங்கும் வரை தாங்கள் எழமாட்டீர்கள் என்று ரான்வைக் கூறினார்."

ஒட்வார் மீனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "எந்த ரான்வைக்?"

"எங்கள் அலுவலக ரான்வைக். மேகம் மூடிய நாட்களில் மட்டும்தான் இங்கு வருவோம். விருந்தினர்கள் மிகவும் விரும்புகிறார்கள்." பின்னாலிருந்து யாரோ அவள் காதில் ஏதோ கேட்டார்கள். "இவர்கள் வினவுகிறார்கள், தாங்கள் நடிகரா?"

"இப்ப வரைக்கும் இல்ல" என்றார் ஒட்வார்.

பேருந்து போனபின் ஜன்னலருகே வந்து திரையைப் பிடித்தார். இழுத்தால் போதும், நாளையிலிருந்து தொல்லை இல்லை. கை அங்கேயே நின்றது. உயிரோடு இருக்கும்போதே தன் சாவைத் தானே அறிவிக்கச் சொல்கிறாளா மகள்? திரையை விட்டுவிட்டார். ரான்வைக்கைத் தொலைபேசியில் கூப்பிடவும் இல்லை. அவளே சொல்லட்டும் என்று இருந்தார். ஒவ்வொரு நாளும் சாப்பிட்டார், படுத்தார், இரண்டு கண்ணையும் இறுக்கமாக மூடிக்கொண்டார்.

சோதனை நாளன்று வாஃபிள் சுட்டு, பழுப்புப் பாலாடைக்கட்டி சீவி வைத்தார். மேசையின் ஒரு பக்கம் வென்கே, ஒரு பக்கம் ரான்வைக். மகள் கோட்டைக் கழற்றவில்லை.

கடிகாரம் வரையச் சொன்னாள் வென்கே. வரைந்து, அதற்குக் கீழே ஊசலும் போட்டு, ஒரு குயிலும் வைத்தார். ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன சொற்களைத் தலைகீழாகவும் சொன்னார். வென்கே சந்தோஷப்பட்டாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"அந்த ஜன்னல் விஷயம், ஒட்வார். இப்பவும் யாராவது வர்றாங்களா?"

மகள் வாஃபிளின் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்வார் அவளைப் பார்த்தார். 'வரல' என்று சொல்லிவிட்டால் அவர் தப்பித்தார். வயதான காலத்து ஒருநாள் கனவு, அவ்வளவுதான். வீடு மிஞ்சும். ஆனால் அப்புறம் ஜன்னல் கண்ணாடியில் எந்த முகத்தைப் பார்த்தாலும் அது இருக்கிறதா இல்லையா என்று யாரைப் போய்க் கேட்பது?

"வர்றாங்களாவா?" என்றார். "நேத்து வரிசையா பேருந்து. பாலம் வரைக்கும் நின்னுச்சு. வரிசைல முந்தறதுல ரெண்டு நாட்டுக்குள்ள சண்டையே மூண்டுது. பிஷப் வந்தாரு, பூ போட்டாரு. ஒருத்தி குழந்தையக் கண்ணாடிகிட்ட நீட்டி ஆசீர்வாதம் பண்ணுங்கறா. நான் தூங்கிட்டே பண்ணினேன்."

வென்கேயின் முகம் கனிந்துகொண்டே போனது. ஆபத்தான கனிவு. ரான்வைக்கின் கை கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

"கடைசில" என்றார் ஒட்வார், "பேருந்துலேருந்து பேண்ட் வாத்தியம் இறங்குச்சு. பெரிய ட்ரம்மு, ஊதுகொம்பு, எல்லாம். நான் கண்ணைத் திறந்ததும் ஒரே முழக்கம்." சொல்லிவிட்டு நிறுத்தினார். அவள் சிறுமியாக இருந்தபோது "அப்புறம்?" என்று கேட்பதற்காக நிறுத்துகிற அதே இடத்தில்.

அடுப்பில் விறகு வெடித்தது. வென்கே கையை நீட்டி அவர் கையின் மேல் வைத்தாள். "ஒட்வார், கவலைப்படாதீங்க. முதியோர் இல்லத்துல நல்ல மனுஷங்க இருக்காங்க, தனியாவே இருக்க வேண்டாம்..."

"பேண்ட் வாத்தியமெல்லாம் அந்த வண்டில ஏறாது" என்றாள் ரான்வைக்.

வென்கே திரும்பினாள். "எந்த வண்டில?"

ரான்வைக் கோட்டுப் பொத்தானை இன்னொரு திருகு திருகினாள். பொத்தான் கையோடு வந்துவிட்டது. அதை வாஃபிள் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"மேகம் மூடினா என்ன காட்டறது?" என்றாள் கடைசியில். அப்பாவிடம் சொல்கிறாளா ஜன்னலிடம் சொல்கிறாளா என்று தெரியவில்லை. "அவ்வளவு தூரத்துலேருந்து வர்றாங்க, இங்க மனுஷங்க எப்படி இருக்காங்கன்னு கேக்கறாங்க. விளக்கு எரியற ஜன்னல், உள்ள அந்த வீட்டுலயே குடியிருக்கற ஒரு ஆள். இந்த ஊர்ல அது வேற எங்க இருக்கு? நீயே சொல்லு. உன்கிட்டக் கேட்டா நீ சரின்னுடுவ, வேஷம் கட்டுவ, அது கெட்டுப்போயிடும்னு நினைச்சேன்."

"வேஷம் கட்டினேனே" என்றார் ஒட்வார். "மீன் வெச்சிருந்தேன்."

"அந்த மீன் படம்தான் இப்ப எல்லார் போன்லயும் ஓடுது."

"அப்ப நான் பாத்தது?"

வென்கே தன் கையை எடுத்துக்கொண்டாள். ரான்வைக் முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பிஷப் வரலப்பா. ஆனா கூட்டம் வந்தது நிஜம். முதல் நாள் எப்படி இருக்குன்னு பாக்க நானும் அவங்களோட வந்தேன். பின்னால நின்னேன். நீ கொட்டாவி விட்ட, எல்லாரும் தட்டினாங்க. நானும்தான் தட்டினேன்."