ஒரு மார்க் கேள்வி

1957-ஆ, 58-ஆ என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. ஹேவிளம்பி வருஷத்தில் தொடங்கியது என்பது மட்டும் தெரியும்; அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் அந்தக் கல்லின் வயதை அட்டையில் எழுதினேன். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் போட்ட கூட்டத்தில் நான் வாய் திறந்தேனா, சும்மா நின்றேனா என்பதும் தெளிவாக இல்லை. சும்மா நின்றதாகத்தான் என் நினைவு. என் மனைவி ரமீஜா, நான் பேசினேன் என்றும் அது கடைசி வரிசை வரை கேட்டது என்றும் சொல்கிறாள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேனேஜர் ரத்தினவேல், பள்ளியை ஒட்டி ஒரு காட்சிசாலை வைத்திருந்தார். பஞ்சடைத்த உடும்பு, துருவேறிய வாள்கள், முதுமக்கள் தாழி இரண்டு. ஊரார் அதைச் செத்த காலேஜ் என்பார்கள். நான் அங்கே அட்டெண்டர். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பொருள்களுக்கு அடியில் வைக்கும் அட்டைகளையும் நானே எழுதினேன். கல்மரத்தை, அதாவது மண்ணுக்குள் கிடந்து கல்லாகவே மாறிப்போன மரத்துண்டை, கொண்டுவந்தவர் அறிவியல் வாத்தியார் செபமாலை. வல்லத்திராக்கோட்டையில் ஆண்டிச்சாமி கிணறு வெட்டியபோது கிடைத்தது. மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டு, வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்தார். விரலை எச்சிலில் நனைத்துக் கல்லின் வெட்டுமுகத்தில் தேய்த்தார். ஈரம் பட்ட இடத்தில் மரத்தின் வளையங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"பல கோடி வருசம்னு எழுதுங்க பாய். என்ன, கை நடுங்குதா?" என்று சிரித்தார். எழுதினேன்.

அடுத்த சித்திரையில் ரத்தினவேல் அந்த அறையைப் புதுப்பித்தார். சுவரெல்லாம் பிரளயப் படம். பொங்கும் நீர், மிதக்கும் தோணி, தாமரையில் பிரம்மா. ஓவியன் நல்ல கைக்காரன்; தண்ணீரைப் பார்த்தால் பயமாகவே இருந்தது. கல்மரத்தை நடுவில் நிறுத்தினார்கள். வாசலில் 'விஞ்ஞானக் கூடம்' என்று போர்டு. "கோடின்னா எவன் நம்புவான்? சனங்களுக்குப் புரியிற மாதிரி ஒரு நம்பர் போடும் ஓய்" என்றார் ரத்தினவேல். ஆணியில் பஞ்சாங்கம் தொங்கியது. முதல் பக்கத்தில் கலியுகம் பிறந்து எத்தனை வருஷம் என்று போட்டிருப்பார்கள். 'பிரளயத்தில் மூழ்கிக் கல்லான மரம். வயது 5,058 ஆண்டுகள்' என்று எழுதிக் காட்டினேன். 'விஞ்ஞான முறைப்படி கணக்கிடப்பட்டது' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

செபமாலை அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேனேஜரிடம் போனார். "படம் இருக்கட்டும் சார், நல்லாத்தான் வரைஞ்சிருக்கான். கல்லை மட்டும் பக்கத்து ரூமுக்கு மாத்திருங்க. இல்லாட்டி வாசல் போர்டை எடுத்துருங்க. ரெண்டுல ஒண்ணு போதும்."

"ஒங்களுக்கு வகுப்பு இல்லையா இப்ப?" என்று கேட்டார் ரத்தினவேல்.

அதற்குப் பின் பத்து மாதம் அட்டை அப்படியே இருந்தது. பரீட்சை வந்தது. எல்லாத் தாளிலும் கடைசிக் கேள்வி மேனேஜருடையது. அது அந்தப் பள்ளியின் வழக்கம். அறிவியல் தாளில் அவர் கேட்டது, 'நமது காட்சிசாலையிலுள்ள கல்மரத்தின் வயது என்ன?' ஒரு மார்க். நாற்பத்தொரு பிள்ளைகள் 5,058 என்று எழுதினார்கள். செபமாலை நாற்பத்தொன்றுக்கும் தப்புப் போட்டார். அதில் ஒன்பது பேர் முப்பத்துநாலில் நின்றார்கள். பாஸ் மார்க் முப்பத்தைந்து.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஒன்பது பேரின் அப்பாக்களுக்காகத்தான் கூட்டம். ஆனால் ஊரே வந்திருந்தது. ரமீஜாவும் பெண்கள் பக்கம் நின்றாள். முதலில் எழுந்தவர் இருளாண்டி. "செத்த காலேசுல எழுதி வச்சிருக்கதத்தானே எம்புள்ள எழுதுனான்? பாக்காம எழுதுனாலும் தப்பு, பாத்து எழுதுனாலும் தப்பா?" கூடம் சிரித்தது. பின்னாலிருந்து யாரோ, "வாத்தியாரே, ஒங்க வேதத்துல ஒலகத்த ஆறே நாளுல படைச்சதால்ல போட்டிருக்கு! மொதல்ல அதுக்குத் தப்புப் போடுங்க" என்றான். இன்னும் பெரிய சிரிப்பு.

செபமாலை அது அடங்கும்வரை இருந்தார். "அது கோயில்ல படிக்கிறதுங்க. நான் அத எந்தப் பரீட்சையிலயும் கேட்டதில்லை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாய், இந்த நம்பர் எங்கேருந்து வந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

ரத்தினவேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பஞ்சாங்கம் என்ற ஒரு சொல் போதும். ஆனால் அதை நான் சொன்னால், ஒரு பாய் பஞ்சாங்கத்தைச் சபையில் இழுத்துக் கேலி செய்தான் என்று சாயங்காலத்துக்குள் ஆகிவிடும். வேலையும் போகும். இதையெல்லாம் அப்போதே நினைத்தேனா, இத்தனை வருஷத்தில் நினைத்து நினைத்துச் சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை. "எனக்கென்ன தெரியும் சார், குடுத்தத எழுதுனேன்." ரமீஜா சொல்வது இதைத்தான். இருக்கலாம்.

வாத்தியார் தலையை ஆட்டிக்கொண்டார். இருளாண்டியின் குரல் இப்போது இறங்கியிருந்தது. "ஒரு மார்க்குதானே சார். போட்டு விட்ருங்க. அவன் இன்னொரு வருசம் ஒக்கார மாட்டான், மாடு மேய்க்கப் போயிருவான்."

"வேற கேள்வியில அஞ்சு மார்க்குக் கூடப் போடுறேன் இருளாண்டி. இதுல முடியாதுங்க."

"பள்ளிக்கூடம் என்ன சந்தையா, பேரம் பேச?" என்றார் ரத்தினவேல்.

செபமாலை விடைத்தாள் கட்டையும் சிவப்புப் பென்சிலையும் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

மறுநாள் ரத்தினவேல் அந்தக் கட்டை என்னிடம் கொடுத்தனுப்பினார். அதே சிவப்புப் பென்சிலால் நாற்பத்தொரு தாளிலும் தப்பை அடித்துச் சரி போட்டேன். ஒரே ஒரு தாள் மிச்சமிருந்தது. ஆண்டிச்சாமியின் மகள் மருதாயியினுடையது. 'பல கோடி ஆண்டுகள்' என்று எழுதியிருந்தாள். அதற்கு வாத்தியார் சரி போட்டு, மொத்தம் முப்பத்தைந்து என்று வட்டமிட்டிருந்தார். கொண்டுபோய்க் காட்டினேன். ரத்தினவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "எல்லாருக்கும் ஒரே நீதிதானே" என்றார். நான் முப்பத்தைந்தை அடித்து முப்பத்துநாலு என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாகவே விழுந்தது.

செபமாலை தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தார். நாலாம் வருஷம் மஞ்சள் காமாலையில் இறந்தார். இருளாண்டியின் மகன் பாஸாகி, அடுத்த வகுப்பில் பெயிலாகி, மாடு மேய்க்கப் போனான். மருதாயியைக் குன்றாண்டார்கோவிலில் கட்டிக்கொடுத்தார்கள். பள்ளிக்கு அவள் திரும்பவில்லை. ரத்தினவேல் படுக்கையில் இருக்கிறார். அவருடைய பிள்ளைகள் காட்சிசாலையை நெல் குடோனாக்கிவிட்டார்கள். கல்மரத்தை யார் எடுத்துப்போனார்கள் என்று தெரியவில்லை. நான் கீரமங்கலத்தில் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறேன். எனாமல் காய வெயில் வேண்டும். இன்று காலையிலிருந்தே மூட்டமாக இருக்கிறது.