திரையில் நின்ற கரண்ட்

காசிநாதனின் கரும்புக் கொல்லைக்குள் கரண்ட் கம்பி அறுந்து கிடந்தது. காலையில் வெட்டு ஆட்களோடு வந்த சாலம்மாள்தான் அதை முதலில் பார்த்தாள். யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்று எல்லோரையும் வரப்பிலேயே நிறுத்தினாள். மணலூர்பேட்டைக்கு மேற்கே ஆற்றோரத்துக் கொல்லை அது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து, லாரியும் வந்து நின்றிருந்தது.

காசிநாதன் கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்துக்கு ஸ்மார்ட் லைன் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தொடங்கி வைத்த அன்று பந்தல் போட்டு மைக்கில் சொன்னார்கள்: இனிமேல் கம்பி அறுந்தால் கம்பத்திலுள்ள பெட்டிக்கே தெரிந்துவிடும், அதுவே லைனை நிறுத்தும், யாரும் யாரையும் தேடி அலைய வேண்டாம். அடுத்த மாதமே ஊருக்கென்று இருந்த லைன்மேனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

போனை எடுத்தவர் சுபாஷ் என்ற இளம் இன்ஜினியர். கம்ப்யூட்டரிலிருந்தே லைனை நிறுத்திவிட்டேன், திரையில் ஆஃப் என்று வந்துவிட்டது, மதியம் ஆள் அனுப்புகிறேன், அதுவரை பயமில்லாமல் வேலை பார்க்கலாம் என்றார். சாலம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. லாரி காத்துக் கிடக்கிற எரிச்சலில் காசிநாதன் அவள்மீது பாய்ந்தார்.

“கம்ப்யூட்டரே சொல்லுது. அத விட ஒனக்கு ஜாஸ்தி தெரியுமா?”

“தெரியாதுங்க. அதான் ஆளு வந்து பாக்கட்டும்ன்றேன்.”

அவள் புருஷன் பாவாடை முதலாளி பேச்சைத் தட்டிப் பழகாதவன். கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினான். தோகை தின்பதற்காக அவர்கள் ஓட்டி வந்திருந்த செவலைப் பசு அவனை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனது. போன வேகத்தில் அப்படியே விழுந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கருகிய மயிர் நாற்றம் வந்தது. சாலம்மாள் பாவாடையின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்க, இருவரும் வரப்பில் விழுந்தார்கள். எழுந்தபோது பசு அசையவில்லை.

அவள் அழவில்லை. நேராகப் போய் லாரியில் ஏறினாள். ஆபீசுக்கு விடச் சொன்னாள். டிரைவர் காசிநாதனைக் கேட்காமலே வண்டியை எடுத்தான். பாவாடையும் வெட்டு ஆட்களும் பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

சுபாஷ் உட்காரச் சொன்னார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பி, லைன் நின்றுதான் இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

“மாடு செத்துக் கெடக்குது. நீ இன்னும் இதக் காட்டிக்கினு இருக்கற. கெளம்பு. வந்து அந்தக் கம்பியத் தொடு.”

சுபாஷ் எழுந்திருக்கவில்லை. அவர் முகம் மாறிப்போனது. போனை எடுத்து, துணை மின்நிலையத்தில் மொத்த லைனையும் கையால் நிறுத்தச் சொன்னார். ஆள் வந்து பார்க்கும்வரை யாரும் கம்பி கிட்டே போகாதீர்கள் என்று இவர்களிடமும் சொன்னார்.

“இத காலைல சொல்றதுக்கு இன்னா?” என்றான் பாவாடை. அவன் ஓர் அதிகாரியிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

மழைக்காலத்திலிருந்தே அந்தப் பெட்டியில் பேட்டரி செத்துக் கிடக்கிறது, மாற்றச் சொல்லி மேலே எழுதியிருக்கிறேன் என்று சுபாஷ் முணுமுணுத்தார். இங்கிருந்து போன உத்தரவு அங்கே போய்ச் சேரவே இல்லை. அனுப்பியதையே முடிந்ததாகத் திரை காட்டியிருக்கிறது.

“அப்போ தெரிஞ்சிக்கினேதான் எறங்கச் சொன்னியா?” என்றாள் சாலம்மாள்.

திரையை இரண்டு கைகளாலும் பிடுங்கித் தரையில் அடித்தாள்.

அரசாங்கச் சொத்தை உடைத்ததாக அவள்மேல் வழக்குப் போட்டார்கள். வாய்தாவுக்குத் திருக்கோவிலூர் கோர்ட்டுக்குப் போய் வருகிறாள். பசு செத்ததற்கு யார்மேலும் வழக்கில்லை. உடைந்த திரைக்குப் பதில் புதுத் திரை அந்த வாரமே வந்துவிட்டது. கம்பத்துப் பெட்டிக்குப் பேட்டரி இன்னும் வரவில்லை.

பிறகு ஒருநாள் அதே கொல்லையில் கம்பி தாழ்ந்து தொங்கியது. ஆஃப் செய்தாயிற்று என்று மறுபடியும் போனில் சொன்னார்கள். ஆட்களில் ஒருவரும் இறங்கவில்லை. காசிநாதன் கத்தினார், வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்றார். பாவாடை கத்தியை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தான். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு ஏணியோடு ஒரு ஆள் வந்தான்.